கூட்டிப் போக வந்தவர்கள்

உங்கள் வார்டில் சாகக் கிடக்கும் நோயாளி யாராவது, வேறு யார் கண்ணுக்கும் தெரியாத ஒரு ஆள் வந்து நிற்பதாகச் சொன்னதுண்டா? சொன்னார் என்றால், வந்தது யார்? எதற்கு வந்ததாகச் சொன்னார்? அப்போது அவருக்கு ஜுரம் எவ்வளவு? என்ன மருந்து கொடுத்திருந்தீர்கள்?

1972லும் 1973லும் உத்தரப் பிரதேசத்துப் பெரிய ஆஸ்பத்திரிகளில் டாக்டர்களையும் நர்ஸுகளையும் தேடித் தேடி இந்த மாதிரிக் கேள்விகளைக் கேட்டுக் குறித்துக் கொண்டார்கள். ஆராய்ச்சியை நடத்தியவர்கள் இரண்டு பேர். ஒருவர் லாத்வியாவின் ரீகாவில் 1917ல் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய கார்லிஸ் ஓசிஸ். இன்னொருவர் ஐஸ்லாந்துக்காரர், எர்லண்டூர் ஹாரல்ட்சன். இருவருமே மனோதத்துவம் படித்தவர்கள். இந்த இரண்டாமவர் பெயரைப் புட்டபர்த்தி போய்வரும் வீடுகளில் சிலர் கேள்விப்பட்டிருக்கலாம். பின்னால் சத்ய சாயிபாபாவின் அற்புதங்கள் எனப்பட்டவற்றை ஆராய்ந்து 1987ல் புத்தகம் போட்டவரும் இவர்தான். 2020ல் காலமானார்.

டில்லியில் இருபது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டியாகிவிட்டது. நம் ஜனங்களில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் ஆஸ்பத்திரியில் போய் உட்காருவது இங்கே ஒரு கடமை மாதிரி. ஊரில் என்றால் ஒன்றுவிட்ட சித்தப்பா, அத்திம்பேர் என்று பத்துப் பேர் இருப்பார்கள். இங்கே அடுத்த பிளாக்கில் இருக்கும் தமிழர்தான் சித்தப்பா. அப்படி உட்கார்ந்த ராத்திரிகளில் நைட் டியூட்டி நர்ஸுகளிடம் பேச்சுக் கொடுத்தால் வரும் கதைகள் இருக்கிறதே... பேய்க்கதை எழுத வேண்டும் என்று ஆசையில்லை. ஆனால் இந்தக் கதைகளுக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது, அதில் நம் நாட்டுக்கும் ஒரு பெரிய பங்கு இருக்கிறது. அதைப் பற்றி நம்மவர்கள் அதிகம் பேசுவதில்லை. அதனால்தான் இது. கொஞ்சம் நீளம், டீ எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள் :-)

ஓசிஸுக்கு முன்னால் லண்டனுக்குப் போகவேண்டும்.

சர் வில்லியம் பாரெட் (1844-1925) என்று ஒரு இயற்பியல் பேராசிரியர். டப்ளினில் வேலை. 1882ல் லண்டனில் ஆவி, மறுமை, மனதோடு மனது பேசுவது போன்ற சமாசாரங்களை ஆராய ஒரு சங்கம் ஆரம்பித்தவர்களில் ஒருவர். அவருடைய மனைவி ஃப்ளாரன்ஸ் பாரெட் பிரசவ மருத்துவர், அறுவை சிகிச்சையும் செய்பவர். 1924 ஜனவரி 12ஆம் தேதி ராத்திரி அந்த அம்மாள் வீட்டுக்கு வந்து கணவரிடம் அன்று பார்த்த ஒரு விஷயத்தைச் சொன்னார். லண்டன் கிளாப்டனில், சால்வேஷன் ஆர்மி நடத்திய தாய்மார் ஆஸ்பத்திரியில் நடந்தது அது.

டோரிஸ் என்று ஒரு இளம்பெண். இருதயம் பலவீனம். குழந்தை நல்லபடியாகப் பிறந்துவிட்டது, தாய்தான் பிழைக்கமாட்டாள் என்று ஆகிவிட்டது. அறையின் ஒரு மூலையைப் பார்த்து அவள் முகம் மலர்ந்தது. என்ன தெரிகிறது என்று கேட்டபோது, அழகான வெளிச்சம் என்றாள், இறந்துபோன அப்பா வந்திருக்கிறார் என்றாள். குழந்தையைக் கொண்டுவந்து காட்டினார்கள். இதற்காகவாவது இருக்கவேண்டுமோ என்று ஒரு நிமிஷம் தடுமாறினாளாம். பிறகு, முடியாது என்றாளாம். அதற்கப்புறம் நடந்ததுதான் பாரெட்டைத் தூக்கிவாரிப் போட்டது. அப்பாவோடு தங்கை வீடாவும் நிற்பதைப் பார்த்து டோரிஸ் குழம்பிப் போனாள். வீடா எப்படி அங்கே?

வீடா 1923 டிசம்பர் 25ஆம் தேதி, அதாவது பதினெட்டு நாள் முன்னால், இறந்து போயிருந்தாள். டோரிஸின் உடம்பு இருக்கும் நிலையில் சொல்லவேண்டாம் என்று வீட்டார் மறைத்துவிட்டார்கள்.

பாரெட் மனைவி சொன்னதோடு விடவில்லை. ஆஸ்பத்திரி மேட்ரனிடமும், அறையில் இருந்த டோரிஸின் அம்மாவிடமும் எழுத்தில் வாங்கினார். இதே மாதிரி வேறு சம்பவங்களைத் தேட ஆரம்பித்தார். அவருக்குக் கிடைத்தவற்றில் நிறைய, படுக்கைப் பக்கத்தில் இருந்த நர்ஸுகளும் உறவினர்களும் சொன்னவை. புத்தகம் முழுதாக முடியும் முன்பே 1925ல் போய்விட்டார். 1926ல் மனைவிதான் வெளியிட்டார். மரணப்படுக்கைக் காட்சிகள் என்பதுதான் தலைப்பு. இன்றைக்கும் இந்த விஷயத்தைத் தொடுகிறவர்கள் அங்கேதான் ஆரம்பிக்கிறார்கள்.

செத்துப்போனதே தெரியாத ஒருவரைச் சாகிறவர் பார்ப்பது என்ற இந்த வகைக்கு டேரியன் சிகரம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 1882ல் ஃப்ரான்ஸஸ் பவர் காப் என்ற ஐரிஷ் எழுத்தாளர் அந்தத் தலைப்பில் எழுதியதிலிருந்து வந்தது. கீட்ஸின் ஒரு கவிதையில், டேரியன் மலை உச்சியில் ஏறி நின்றவர்கள் எதிர்பாராத ஒரு மகாசமுத்திரத்தைப் பார்த்து வாயடைத்துப் போகிறார்கள். அந்தப் படிமத்தை எடுத்துக்கொண்டார்.

நம் வீடுகளில் இந்த மறைக்கும் பழக்கம் எவ்வளவு சகஜம் என்று யோசித்துப் பாருங்கள். பெரியவர் ஐசியூவில் இருக்கும்போது அவர் தம்பி கும்பகோணத்தில் போய்விட்டால், யார் சொல்வார்கள்? "அப்புறம் சொல்லிக்கலாம்" என்பதுதான் எல்லா வீட்டிலும் தீர்மானம். அதனால் டோரிஸ் கதையை நம் ஆட்களிடம் சொன்னால் அதிசயப்படுவதைவிட, எங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று நடந்தது என்று ஆரம்பிப்பவர்கள்தான் அதிகம். ஆனால் ஒன்று. மறைக்கிறவர்கள் முகம் மறைப்பதில்லை. பக்கத்துப் படுக்கைக்குக் கேட்காதபடி குசுகுசுவென்று பேசினால் படுத்திருப்பவருக்குக் கேட்கும். வழக்கமாக வாரம் இரண்டு தடவை போன் பண்ணும் தங்கை மூன்று வாரமாகப் பண்ணவில்லை என்றால் மனது கணக்குப் போடும். டோரிஸுக்கு எதுவுமே எட்டவில்லை என்று வீட்டார் உறுதியாகச் சொன்னார்கள். வீட்டார் எப்போதும் அப்படித்தான் சொல்வார்கள் என்பதையும் மனதில் வைத்துக்கொண்டுதான் நான் அதைப் படித்தேன்.

ஓசிஸ் இந்தப் புத்தகத்தைப் படித்தவர். ஒரு சம்பவம், இரண்டு சம்பவம் என்று கதை சேர்ப்பதை விட்டு, கணக்கெடுப்பாகச் செய்தால் என்ன என்று நினைத்தார். சாகிறவர்களை அதிகம் பார்ப்பது யார்? டாக்டரும் நர்ஸும். அமெரிக்காவில் 5,000 டாக்டர்களுக்கும் 5,000 நர்ஸுகளுக்கும் கேள்வித்தாளைத் தபாலில் அனுப்பினார். திரும்பி வந்தவை 640. பத்தாயிரத்தில் அறுநூற்று நாற்பது என்றால் உதட்டைப் பிதுக்கத் தோன்றும். ஆனால் அந்த 640 பேரும் சேர்ந்து 35,000க்கும் மேற்பட்ட சாவுகளைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள். 1961ல் அறிக்கை வந்தது. சாகும் முன் பயப்படுகிறவர்கள் எதிர்பார்த்ததைவிடக் குறைவு, காரணமே இல்லாமல் முகம் பிரகாசமாகி சந்தோஷப்படுகிறவர்களும் இருக்கிறார்கள், கண்ணுக்குத் தெரியாத ஆட்களோடு பேசுகிறவர்கள் கணிசம், வருகிறவர்கள் பெரும்பாலும் செத்துப்போன சொந்தக்காரர்கள். இதுதான் சாராம்சம்.

ஓசிஸுக்கு இங்கே ஒரு சந்தேகம் வந்தது. நியாயமான சந்தேகம். அமெரிக்கர்கள் பைபிள் படித்தவர்கள், சொர்க்கத்தில் உறவினர்களைச் சந்திப்போம் என்று சர்ச்சில் கேட்டு வளர்ந்தவர்கள். கேட்டதைத்தானே காண்பார்கள்? அப்படியானால் வேறு மதம், வேறு கலாசாரம் உள்ள ஒரு நாட்டில் போய்க் கேட்கவேண்டும். 1961-64ல் அமெரிக்காவிலேயே இன்னொரு சர்வே முடித்துவிட்டு, ஹாரல்ட்சனைச் சேர்த்துக்கொண்டு இந்தியாவுக்கு வந்தது அப்படித்தான்.

அமெரிக்க இரண்டாவது சர்வேயில் 1,004 பேர், இங்கே 704 பேர். விரிவாக விசாரித்துப் பதிவு செய்த சம்பவங்கள் அங்கே 442, இங்கே 435. இரண்டையும் பக்கத்தில் வைத்து 1977ல் ஒரு புத்தகமாகப் போட்டார்கள்.

இனிமேல்தான் சுவாரசியம்.

ஒற்றுமைகள் நிறைய. இரண்டு நாட்டிலும் வருகிறவர்கள் சும்மா நலம் விசாரிக்க வருவதில்லை, கூட்டிக்கொண்டு போகத்தான் வருகிறார்கள். காட்சி சில நிமிஷங்கள்தான். கடுமையான ஜுரத்திலோ, மயக்க மருந்திலோ இருந்தவர்கள்தான் இப்படிப் பார்த்தார்கள் என்று சொல்ல முடியவில்லை, பெரும்பாலோர் தெளிவாக இருந்தார்கள் என்று ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள்.

வேற்றுமைகள்தான் என்னை உட்கார வைத்தன. அமெரிக்கர்களைக் கூட்டிப் போக அம்மா வந்தாள், கணவன் வந்தான். நம் ஆட்களைக் கூட்டிப் போக யமதூதர்கள் வந்தார்கள்! தேவர்கள், தெய்வங்கள், வெள்ளை உடைக்காரர்கள் என்று மத சம்பந்தமான உருவங்கள் இங்கே அதிகம். அதுவும் ஆண்கள் என்றால், வந்தவர்களில் பெண்கள் குறைவு. பிள்ளைப் பாசம் பற்றி இவ்வளவு பாட்டுக் கேட்கும் நாட்டில், கடைசி நேரத்தில் ஆண்பிள்ளைகளைக் கூட்டிப் போக அம்மா அமெரிக்காவில் வந்த அளவுக்கு இங்கே வரவில்லை என்பதற்கு என்ன காரணம் சொல்வது?

இன்னொன்று. அமெரிக்கர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் வந்தவரோடு போகச் சம்மதித்தார்கள். நம் ஆட்களில் மூன்றில் ஒருவர் வரமாட்டேன் என்று மறுத்திருக்கிறார்கள். நர்ஸைப் பிடித்துக்கொண்டு, விடாதே என்று கத்தியவர்கள் உண்டு. படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, வேறு என்னவோவும் வந்தது. வீட்டில் அறுபது, எண்பது என்றால் இங்கேயிருந்து ராஜதானியோ விமானமோ பிடித்துத் திருக்கடையூர் போகிறோம். அங்கே கதையே அதுதானே! பாசக்கயிறோடு வந்தவனிடம் வரமாட்டேன் என்று லிங்கத்தைக் கட்டிக்கொண்ட பையன். சாவித்திரியும் யமனிடம் வாதாடி ஜெயித்தவள். யமனுக்கு மறுப்புச் சொல்லலாம் என்று சின்ன வயதிலிருந்தே கதை கேட்டு வளர்ந்த ஜனம், வார்டில் மட்டும் சும்மா எழுந்து போய்விடுமா?

அவர்கள் பதிவு செய்ததில் ஒரு சம்பவம் மறக்க முடியாதது. இருபது வயதுகளில் ஒரு கல்லூரி படித்த இந்திய இளைஞர். காதுக்குப் பின் எலும்பில் வரும் சீழ் நோய்க்காகச் சேர்ந்து, நன்றாகக் குணமாகி, அன்றைக்கு டிஸ்சார்ஜ். விடிகாலை ஐந்து மணிக்குத் திடீரென்று சத்தம் போட்டார். வெள்ளை உடையில் யாரோ நிற்கிறார்கள், உன்னோடு வரமாட்டேன் என்று. பத்து நிமிஷத்தில் உயிர் போய்விட்டது. அவரும் சரி, டாக்டரும் சரி, சாவை எதிர்பார்க்கவே இல்லை. ஆசையால் கண்ட காட்சி என்று இதைச் சொல்ல முடியாது. அந்த நோய் மூளைக்குள் பரவினால் சட்டென்று ஆளைக் கொல்லும் என்பதும் உண்மை. உள்ளே ஏதோ வெடிக்கும்போது மூளை அதை எப்படி மொழிபெயர்க்கும்? ஒரு ஆள் வந்து நிற்பதாகவா?

இன்னொரு வகை முழுக்க முழுக்க நம்முடையது. ஆள் மாறாட்டம். நோயாளி மயக்கத்திலிருந்து மீண்டு சொல்கிறார்: தூதர்கள் கூட்டிக்கொண்டு போனார்கள், அங்கே ஒருவர் புத்தகம் வைத்திருந்தார், பார்த்துவிட்டு இவன் இல்லை என்று திட்டித் திருப்பி அனுப்பிவிட்டார். ஒரு நர்ஸ் சொன்னதில், அதே ஆஸ்பத்திரியில் அதே பெயரில் இன்னொரு நோயாளி இருந்தார், இவர் கண் விழித்தபோது அவர் போய்விட்டார். சித்ரகுப்தன் கணக்கில் கிளெரிகல் மிஸ்டேக்! கவர்ன்மென்ட் ஆபீஸில் ஒரு சர்டிபிகேட்டுக்காக அலைந்தவர்களுக்கு மேலுலகத்து நிர்வாகம் இப்படித்தான் இருக்கும் என்று தோன்றுவதில் ஆச்சரியமில்லை :-)

வேடிக்கை இருக்கட்டும். பெங்களூர் நிம்ஹான்ஸில் இருந்த சத்வந்த் பஸ்ரிச்சா என்ற ஆராய்ச்சியாளர், மறுபிறவி ஆராய்ச்சிக்குப் பேர்போன இயான் ஸ்டீவன்ஸனோடு சேர்ந்து, செத்துப் பிழைத்ததாகச் சொல்லும் வட இந்தியர்கள் 16 பேரின் அனுபவங்களை 1986ல் வெளியிட்டார். அங்கேயும் அதே தூதர்கள், அதே புத்தகம், அதே ஆள் மாறாட்டம். மேற்கத்தியர்கள் இதே நிலையில் சொல்லும், உடலுக்கு மேலே மிதந்து தன்னையே பார்ப்பது இங்கே அனேகமாக இல்லை. எங்கள் ஊர்ப் பாட்டிமாரும் "பேர் மாறிப் போச்சுன்னு திருப்பி அனுப்பிட்டான்" என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். தஞ்சாவூர்க் கிராமத்துப் பாட்டிக்கும் ஆக்ராப் பக்கத்து விவசாயிக்கும் ஒரே குமாஸ்தாதான் போலிருக்கிறது.

ஆட்சேபங்கள் இல்லாமல் இல்லை. பதில் எழுதியவர்கள் தாங்களாக விரும்பி எழுதியவர்கள், ஒன்றும் பார்க்காதவர் ஏன் தபால் செலவு செய்வார்? சொன்னது எல்லாம் ஞாபகத்திலிருந்து, சிலது பல வருஷத்துக்கு முந்தையது. ஞாபகம் கதையைச் செதுக்கிவிடும். நோயாளி என்ன கண்டார் என்பதல்ல, கண்டதாக நர்ஸ் புரிந்துகொண்டது என்னவென்றுதான் நமக்குக் கிடைக்கிறது. ஆராய்ச்சியாளர்களுக்கும் ஒரு பக்கம் சாய்வு உண்டு. முடிவில் மறுமை இருக்கலாம் என்ற பக்கம்தான் அவர்கள் நின்றார்கள். என்னைக் கேட்டால், அந்த முடிவுக்கு அவர்கள் எண்கள் போதாது. யமதூதன் உத்தரப் பிரதேசத்துக்கும், அம்மா நியூயார்க்குக்கும் என்று பிரிந்து வருவதே, வருகிறவர் எங்கிருந்து வருகிறார் என்பதைக் காட்டிக்கொடுக்கிறது. ஆனால் நர்ஸுகள் பொய் சொல்லவில்லை என்பதை மட்டும் அந்த எண்கள் நிரூபித்துவிட்டன. அது சின்ன விஷயமில்லை. அதுவரை இதைச் சொன்ன நர்ஸுக்கு மூடநம்பிக்கைக்காரி என்ற பட்டம்தான் கிடைத்துக்கொண்டிருந்தது.

நோயாளி கண்டது ஒரு பக்கம். நர்ஸே கண்டதாகச் சொல்வது இன்னொரு பக்கம். ஆள் இல்லாத அறையிலிருந்து பெல் அடிப்பது, கடிகாரம் நின்றுபோவது, அறைக்குள் திடீரென்று ஒரு குளிர். இங்கிலாந்தில் பீட்டர் ஃபென்விக் என்ற நரம்பு மனநல மருத்துவர் 2000களில் ஹாஸ்பிஸ், முதியோர் இல்ல ஊழியர்களிடம் இவற்றையெல்லாம் பொறுமையாகக் கேட்டு எழுதினார். 2024ல் காலமானார். அவரிடம் பேசியவர்களில் பலர், இதைச் சொல்வதற்கே தங்களுக்கு ஒரு இடம் இல்லாமலிருந்தது என்றார்கள். பெல் விஷயத்தில் எனக்குப் பெரிய மர்மம் தெரியவில்லை. எங்கள் குடியிருப்பில் காலிங் பெல் மழைக்காலம் பூராவும் தானாக அடிக்கிறது. சாவு நடந்த அறையில் அடித்தால் ஞாபகம் இருக்கும், மற்ற அறையில் அடித்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவோம், அவ்வளவுதான்.

பிரிட்டனில் உயிர் போனதும் ஜன்னலைத் திறந்து வைக்கும் நர்ஸுகள் இன்றும் இருக்கிறார்கள். ஆத்மா வெளியே போக வழியாம். நைட் டியூட்டியில் இன்றைக்கு அமைதியாக இருக்கிறது என்று வாயைத் திறந்து சொல்லிவிடக்கூடாது என்பது இன்னொரு பழக்கம், சொன்னால் வார்டு அல்லோலகல்லோலமாகிவிடும். இதைக்கூட விடாமல் இங்கிலாந்தில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் சோதனை செய்து 2019ல் கட்டுரை எழுதினார்கள். சொன்னாலும் சொல்லாவிட்டாலும் வேலை ஒன்றுதான் என்று முடிவு! அமெரிக்காவில் ரோட் ஐலண்டில் ஒரு முதியோர் இல்லத்துப் பூனை, ஆஸ்கர் என்று பெயர், சாகப்போகிறவரின் படுக்கையில் மட்டும் போய்ப் படுத்துக்கொள்ளும் என்று அங்கே இருந்த டாக்டர் 2007ல் ஒரு பெரிய மருத்துவப் பத்திரிகையில் எழுதினார். உலகம் முழுக்கச் செய்தியானது. பூனைக்கு மூக்கு நன்றாக வேலை செய்திருக்கும் என்பது பலரின் ஊகம். அதோடு பூனையை விட்டுவிடலாம்.

இதைவிட முக்கியமானது நம் பாஷையிலேயே இருக்கிறது. அணையப் போகிற விளக்கு பிரகாசமாக எரியும் என்கிறோமே, அது. மாதக்கணக்கில் யாரையும் அடையாளம் தெரியாமல் கிடந்த மறதி நோயாளி, போவதற்கு ஒரு நாள் முன்னால் எழுந்து உட்கார்ந்து, பேரன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, தயிர் சாதம் கேட்பார். வீட்டார் பிழைத்துவிட்டார் என்று நினைப்பார்கள். அனுபவமுள்ள நர்ஸ் மட்டும் வெளியூரில் இருப்பவர்களுக்குப் போன் பண்ணச் சொல்வாள். ஜெர்மனியின் மைக்கேல் நாம் 2009ல் இதற்கு ஒரு தனிப்பெயர் கொடுத்து, பழைய மருத்துவக் குறிப்புகளையெல்லாம் தேடித் தொகுத்தார். மூளை இவ்வளவு கெட்டுப்போன பிறகு அந்த ஞாபகம் எங்கிருந்து திரும்பி வருகிறது என்பதற்கு இன்றுவரை சரியான விளக்கம் கிடையாது. எனக்கு உண்மையிலேயே புல்லரிப்பது இதில்தான், யமதூதர்களில் இல்லை.

மூளைக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கவும் முயன்றிருக்கிறார்கள். மிஷிகன் பல்கலைக்கழகத்தில் ஜீமோ போர்ஜிகின் குழு, வென்டிலேட்டரை எடுத்துவிட்ட நான்கு கோமா நோயாளிகளின் மூளை அலைகளை ஆராய்ந்து 2023ல் வெளியிட்டது. இரண்டு பேருக்கு, பிராணவாயு நின்றதும் மூளை அலைகள் அடங்குவதற்குப் பதில், விழித்திருப்பவருடையது மாதிரி வேகமாகக் கிளம்பின. அவர்கள் என்ன கண்டார்கள் என்று கேட்க வழியில்லை, போய்விட்டார்கள். இரண்டு பேர் என்பதும் ரொம்பச் சின்ன எண்ணிக்கை.

ஆனால் நர்ஸுகள் சொன்னதை நோயாளிகளிடமே கேட்டுச் சரிபார்த்தது பஃபலோ நகரத்து ஹாஸ்பிஸ். கிறிஸ்டோபர் கெர் என்ற டாக்டர். அவர் அங்கே வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு நோயாளி இன்னும் கொஞ்ச நாள் இருப்பார் என்று இவர் நினைக்க, இல்லை, அவர் செத்துப்போன அம்மாவைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார் என்று அனுபவப்பட்ட நர்ஸ் சொன்னார். நர்ஸ் சொன்னதுதான் நடந்தது. அதன் பிறகுதான் அவர் ஆராய்ச்சியில் இறங்கினார். ஞாபகத்திலிருந்து சொல்வதுதானே பழைய குறை? அதனால் 59 நோயாளிகளிடம், அவர்கள் உயிரோடு இருக்கும்போதே, திரும்பத் திரும்பப் போய்க் கேட்டார்கள். பிதற்றும் நிலையில் இருந்தவர்களைச் சேர்க்கவில்லை. 2014ல் வந்த முடிவு: 88 சதவீதம் பேர் குறைந்தது ஒரு கனவோ காட்சியோ கண்டிருந்தார்கள். சாவு நெருங்க நெருங்க, இறந்துபோனவர்கள் வருவது அதிகமானது. அப்படி வந்தவை மற்றவற்றைவிட அதிக ஆறுதலாக இருந்தன. ஜப்பானில் இதற்கு ஓமுகாஎ என்றே ஒரு சொல் இருக்கிறது, அழைத்துப் போக வருதல் என்று அர்த்தம். புற்றுநோயில் உறவினரை இழந்த 2,221 குடும்பங்களின் பதில்களை வைத்து 2016ல் அங்கே வெளியான ஆய்வில் 21 சதவீதம் பேர் தங்கள் வீட்டுப் பெரியவர் இப்படிக் கண்டதாகச் சொன்னார்கள்.

இதெல்லாம் நமக்கு எதற்கு?

நம்மில் பலர் வயதான அப்பா அம்மாவை ஊரிலிருந்து இங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறோம். ஹிந்தி தெரியாது, அக்கம்பக்கம் தெரியாது. கடைசியில் படுக்கும்போது அவர்கள் பேசுவது தமிழ், அதுவும் அறுபது வருஷம் முந்தைய திருநெல்வேலித் தமிழோ கோயம்புத்தூர்த் தமிழோ. பஞ்சாபி டாக்டருக்கு அது வெறும் பிதற்றல். "அங்கிள் பஹுத் பக்தே ஹைன்" என்பார், தூங்க வைக்க ஒரு ஊசி எழுதுவார். அந்த ஊசி சில சமயம் அவசியம்தான். சிறுநீரில் கிருமி, சோடியம் குறைவு, மருந்து ஒத்துக்கொள்ளாமை இவற்றாலும் முதியவர்கள் இல்லாத ஆட்களைப் பார்ப்பார்கள், கத்துவார்கள், டியூபைப் பிடுங்குவார்கள். அது சரிசெய்யக்கூடிய நோய், அதை யமதூதன் கணக்கில் எழுதிவிட்டுச் சும்மா இருந்தால் பிழைக்க வேண்டியவரைக் கொன்றுவிடுவோம். அம்மா வந்திருக்கா என்று சாந்தமாகச் சிரிக்கிறவர் வேறு, சுவரில் பூச்சி ஊர்கிறது என்று அலறுகிறவர் வேறு. வித்தியாசம் தெரியவேண்டுமானால் அவர் என்ன சொல்கிறார் என்பது யாருக்காவது புரியவேண்டும். ராத்திரி மூன்று மணிக்கு வார்டில் அது புரிகிற ஒரே ஆள், அனேகமாகக் கோட்டயத்திலிருந்தோ நாகர்கோவிலிலிருந்தோ வந்த நர்ஸ்தான். டில்லி ஆஸ்பத்திரிகளில் எத்தனை தமிழ்ப் பெரியவர்களின் கடைசி வார்த்தைகளை மலையாளிப் பெண்கள் கேட்டிருப்பார்கள் என்று யாரும் கணக்கெடுத்ததில்லை.

அப்படி ஒரு நர்ஸிடம், பத்தனம்திட்டாக்காரர், முப்பது வருஷ சர்வீஸ் முடித்தவர், இதையெல்லாம் கேஸ் ஷீட்டில் எழுதுவீர்களா சேச்சி என்று ஒரு தடவை கேட்டேன். எழுதாமல் எப்படி, எழுதத்தான் வேண்டும் என்றார். என்ன எழுதுவீர்கள்? "பேஷன்ட் சம்பந்தமில்லாமல் பேசுகிறார். அவ்வளவுதான் எழுதுவேன், சாரே. யமன், அம்மா என்றெல்லாம் எழுதினால் மறுநாள் ரவுண்ட்ஸில் பெரிய டாக்டர் எல்லார் முன்னாலும் வாசித்துச் சிரிப்பார்."

பிறகு? "பிறகு என்ன, காலையில் மகன் வரும்போது கேட்பேன், ராஜம் யாரு, அத்தையா, அக்காவா என்று. அக்கா, ரொம்ப நாள் முன்னாடியே போயாச்சு என்பார். அப்போ பெங்களூரில் இருக்கும் தம்பியை இன்றைக்கே வரச் சொல்லுங்கள் என்பேன். ஏன் என்று யாரும் கேட்டதில்லை."